பெட்டி உனக்கு இல்லை, நைனா

என் வயிற்றில் பிறந்தும் என் காதை எடுத்துக்கொண்டு பிறக்காத மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போன் செய்தாய். உன் கல்யாண வரவேற்பன்று மேடையில் நீ கிடார் வாசிக்கப் போவதாகச் சொன்னாய். மித்ராவுக்கு இது தெரியக்கூடாது, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று எழுந்துபோய் வாசித்து அவளை அசத்த வேண்டும், அதற்கு என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நான் தூசி தட்டி வைக்க வேண்டும், எல்லாம் முடிந்ததும் அதை வண்டியில் ஏற்றி உன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவாய். இதில் எந்த இடத்திலும் நீ என்னைக் கேட்கவில்லை. "பாக்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம். அது திருவொற்றியூர் மார்க்கெட்டில் எனக்கு மீன் விற்கிறவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாய்.

ஆகவே எழுதுகிறேன். பெட்டி உனக்கு இல்லை. நேற்று மத்தியானமே அதை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். யார் வீடு என்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஏன் உனக்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாய், போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்பாய். கடிதத்தைப் படிக்கும்போது என்னை நிறுத்த முடியாது. வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைச் சரிசெய்துவிடுகிறேன். நீ பெட்டியின் படத்தை இணையத்தில் போட்டு, "என் அப்பாவின் ஆம்ப், இதில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்" என்று எழுதியிருந்ததை மித்ரா எனக்குக் காட்டினாள். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உன் அப்பா கிடாரை வாசித்ததே கிடையாது. தொட்டதெல்லாம் தூக்கி ஆட்டோவில் வைப்பதற்குத்தான். வாசித்தவள் நான். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு, கிடாரைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, எண்ணூர் வரைக்கும் போய் மேடையேறி வாசித்தவள் நான். அப்பா என்று எழுதினால் எல்லோருக்கும் சட்டென்று புரியும், அம்மா என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் மாற்றிக்கொண்டாய். உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் செய்திருக்கிறாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் காசிமேட்டுப் படகுக்காரர் மகள். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த சர்ச்சில் பாட்டுக்குழுவுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தார்கள். சாமி பாட்டுதானே, எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று என் அப்பா விட்டுவிட்டார். அதன் பிறகு ராயபுரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா, மாதா கோயில் கொடியேற்றம், கல்யாணம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் போனோம். அந்தக் குழுவுக்கு மைக் செட் போட வந்தவர்தான் உன் அப்பா. பழைய சினிமா கொட்டகை ஒன்றை இடித்தபோது அதிலிருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைக் காயலான் கடையிலிருந்து தூக்கிவந்து, துறைமுகத்தில் சரக்கு வந்த பைன் பலகையில் பெட்டி அடித்து, இரண்டு ஸ்பீக்கர் வைத்து, இந்தா என்று என்னிடம் கொடுத்தார். எங்களுக்குள் அதுதான் நிச்சயதார்த்தம். மோதிரமெல்லாம் பிறகு வந்தது.

நீ கிடார் பற்றி வாய் கிழியப் பேசுகிறாய். எந்த வால்வு, எந்த ஊர் ஸ்பீக்கர், எத்தனை வாட் என்று உன்னைக் கேட்டால் நிறுத்தாமல் சொல்வாய். ஒரு பெட்டி நல்ல பெட்டி என்றால் என்ன என்று மட்டும் உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள். நல்ல பெட்டி நம் கைக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். கரையில் கிடக்கிற படகில் ஏறினால் கட்டையில் கால் வைத்தது போல இருக்கும். தண்ணீரில் நிற்கிற படகில் கால் வைத்தால் ஒரு நொடி அமுங்கி, பிறகு நம்மைத் தூக்கும். கம்பியை ஓங்கி மீட்டினால் பெட்டியும் அப்படித்தான் ஒரு நொடி பின்வாங்கி, பிறகு எழுந்து வர வேண்டும். மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேச வேண்டும், கோபமாகத் தொட்டால் உறும வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பெட்டியின் எந்தத் திருகையும் நான் திருப்பக்கூடாது, என் விரலே போதும் என்று இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நான் தப்பாக வாசித்தால் அது தப்பு என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். என் பெட்டி எதையும் மறைக்காது. உனக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் காலடியில் வரிசையாகச் சத்தத்தை மாற்றுகிற டப்பாக்களை அடுக்கி, ஒரு ஸ்வரத்தை நாலு ஸ்வரமாக எதிரொலிக்கவிட்டு, அந்தப் புகைமூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு வாசிக்கிறாய்.

பெட்டி சரியாக இருக்கிறதா என்று எனக்குக் காதுக்கு முன்னால் கால் சொல்லிவிடும். அதன் எதிரே நின்றால் புடவைக் கொசுவம் மெல்ல நடுங்கும். நல்ல நாளில் அந்த நடுக்கம் கணுக்கால் வரைக்கும் வரும். உன் குழுவில் யாராவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது. காற்று நகர வேண்டும்.

ஆனால் எங்கள் பெட்டி எல்லா நாளும் நன்றாக இருக்காது. வீட்டில் போட்டால் விறைப்பாக இருக்கும், முதல் வகுப்பு வாத்தியார் மாதிரி. திருவிழா மேடையில்தான் குழைந்து வரும். அதற்குக் காரணம் கண்டுபிடித்தவர் உன் அப்பா. நம் பக்கத்துத் திருவிழாவில் சீரியல் செட்டில் ஆள் உயரத்துக்கு மேல் அம்மன் உருவம் நிறுத்துவார்கள் அல்லவா, கலர் பல்பெல்லாம் ஓடி ஓடி எரிந்து, கிரீடம் சுற்றி, கண் சிமிட்டி? அந்த அம்மன் எரிய ஆரம்பித்தால் தெரு முழுக்க வோல்டேஜ் விழுந்துவிடும். வீடுகளில் மிக்ஸி ஓடாது, ட்யூப் லைட் தவிக்கும். ஆனால் கரண்ட் குறைந்தால் வால்வுகளின் முரட்டுத்தனம் போய்விடும், பெட்டி கைக்கு இணங்கி வரும். குழுவில் எல்லோரும் நேரமாச்சு என்று பறந்தாலும் உன் அப்பா விடமாட்டார். "அம்மன ஏத்தட்டும்மே, அப்பால ஆரம்பி" என்பார். பார்க்கிறவர்கள் என்ன பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். கிரீடம் சுற்றச் சுற்ற என் கிடாரும் கொஞ்சம் ஏறி இறங்கி மூச்சுவிடும். மாதா கோயிலில் வாசித்தால் நட்சத்திரத்தையும் மாதாவையும் ஏற்றச் சொல்வார். அவருக்கு எல்லா சாமியும் ஒன்றுதான், வோல்டேஜை இறக்கினால் போதும்.

இதை நான் உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். நீ என்ன செய்தாய்? டிவி ஒரு தடவை புகைந்ததும் பெங்களூரிலிருந்து பெட்டிக்கென்று ஸ்டெபிலைசர் வாங்கி அனுப்பினாய். நல்ல ஸ்டெபிலைசர். ஃப்ரிட்ஜுக்கு மாட்டியிருக்கிறேன், ஐஸ் நன்றாகப் பிடிக்கிறது.

ஸ்டெபிலைசரைக்கூட மன்னித்துவிடுவேன். ஸ்பீக்கர் கதையை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன். பெட்டியின் இடது பக்க ஸ்பீக்கர், எண்ணூர் மேடையிலிருந்து விழுந்து கிழிந்தது. உன் அப்பா சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளை வாங்கி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து, ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்டு அதைப் பிழைக்கவைத்தார். காய்ந்த பிறகு அதில் ஒரு கரகரப்பு வந்தது. அழுது முடித்தவள் பேசுகிற மாதிரி ஒரு குரல். வலது பக்கம் சுத்தமாகப் பேசும், இடது பக்கம் அப்படிப் பேசும், இரண்டும் சேர்ந்துதான் என் கிடார். நீ ஒரு பொங்கலுக்கு வந்தபோது, நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பாரிமுனைப் பக்கம் கொண்டுபோய் அந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் புதுசு மாட்டி, எனக்குப் பரிசு என்று ரிப்பன் வேறு கட்டி வைத்திருந்தாய். பழையது எங்கே என்றேன். கிழிஞ்சதும்மா, காயலான் கடையில போட்டுட்டேன் என்றாய். உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது.

நீ ஊருக்குப் போனதும் நான் மூலக்கொத்தளத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தேன். ஒவ்வொரு கடையிலும் வெட்கமில்லாமல் குப்பையைக் கிளறினேன். ஒரு பழைய கிரைண்டருக்கு அடியில் கிடைத்தது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், குழந்தையா என்று ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். மறுபடி அதையே மாட்டினேன். அடுத்த முறை நீ வந்தாய். கிடாரைச் சொருகி ஐந்து நிமிஷம் வாசித்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா, புது ஸ்பீக்கர் போட்டதும் எப்படிப் பேசுது" என்றாய்.

நைனா, அன்றைக்குத்தான் எனக்கு முடிவாகத் தெரிந்தது. அதுவரைக்கும் பயிற்சி போதவில்லை, நல்ல வாத்தியார் அமையவில்லை என்று ஏதாவது சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரை உன்னை ஒரு வார்த்தை சொல்லவிடமாட்டார், கொயந்தைய வுடுமே என்பார். உனக்கு விரல் வேகமாக ஓடுகிறது. அது நிஜம். மணிக்கணக்காக உட்கார்ந்து பழகுகிறாய், அதுவும் நிஜம். ஆனால் உன் கையிலிருந்து வெளியே வந்த பிறகு அந்தச் சத்தத்துக்கு என்ன ஆகிறது என்று நீ கேட்பதே இல்லை. நீ கேட்பதெல்லாம் உன் தலைக்குள் ஓடுகிற உன்னைத்தான்.

தண்டையார்பேட்டை மண்டபத்தில் உன் சிநேகிதன் கல்யாணத்துக்கு வாசித்தாயே, அதை மறந்திருக்கமாட்டாய். அறையில் தனியாக வாசித்துப் பார்த்தபோது உன் கிடார் பெரிதாகக் கேட்டது. கீழே குமுறியது, மேலே மினுங்கியது. நடுவில் இருக்கிற சத்தத்தை நீ திருகி சுத்தமாக எடுத்துவிட்டிருந்தாய், தனியாகக் கேட்டால் அது மூக்கால் பேசுவது போல இருக்கும் என்பதால். மேடையில் டிரம்ஸ் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டது, கீபோர்டு மேல்பக்கத்தை எடுத்துக்கொண்டது, உனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. நீ கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, வளைந்து நெளிந்து வாசித்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம், அந்தப் பையன் கிடார் ரிப்பேரா என்று கேட்டாள். என் பையன் என்று நான் சொல்லவில்லை. ஆமாம் போல என்றேன். எல்லோரும் உன்னைத் தாண்டிப் பிரியாணிக்குப் போனார்கள். நீ கீழே இறங்கியதும் மைக் செட்காரனைத் திட்டினாய், காது செவிடாடா என்று. நீ மைக் செட்காரர் மகன். உன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததும் எனக்கு அங்கேயே உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. கல்யாண வீடு, விட்டுவிட்டேன்.

உன் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது அவர் தோளில் சிவப்புத் துண்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்துபோவார். கடைசியாக வாசற்படியில் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் எல்லாச் சத்தமும் நல்ல சத்தம்தான், அதை நம்பக்கூடாது என்பார். நான் வாசிப்பேன். துண்டைக் கீழே தொங்கவிட்டால் சரியில்லை, தலைக்கு மேலே தூக்கினால் சரி. சில நாள் நான் எவ்வளவு திருகினாலும் துண்டு ஏறாது. இறங்கிப் போய் என்னய்யா என்று கேட்டால், "மேல கத்துதுமே, நடுவுல ஆளில்ல" என்பார். நடுவைக் கூட்டினால் என் காதுக்கு அசிங்கமாக இருக்கும். ஆனால் அங்கே கோடியில் இருக்கிறவளுக்கு அதுதான் போய்ச் சேரும். ஒரு பாட்டை ஒழுங்காகப் பாடத் தெரியாத மனுஷன். குளிக்கும்போது பாடினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஆனால் அவர் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை. அந்தத் துண்டு மேலே போவதைப் பார்க்கத்தான் நான் அத்தனை வருஷம் வாசித்தேன். அவர் போன பிறகு நான் மேடையேறாததற்கு விரல் மூட்டு வலி என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வலி இருக்கிறது. ஆனால் தெருக்கோடியில் ஆள் இல்லாமல் எனக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை.

இப்போது பெட்டி யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்கிறேன். வியாசர்பாடிக்கு. உன் மித்ராவின் வீட்டுக்கு.

போன மாதம் ஜாக்கெட் அளவு பார்க்க வந்தாள். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன். பின்னால் ஹாலில் பெட்டியின் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. நீ சுவிட்சைப் போட்ட உடனே பர்ரென்று இழுப்பாய். இவள் இழுக்கவில்லை. வால்வு சூடாகிற வரைக்கும் காத்திருந்தாள். நான் டீயைக் கலக்காமல் எட்டிப் பார்த்தேன். ஆணியிலிருந்த என் கிடாரை எடுத்து ஒரே ஒரு கம்பியை மீட்டி, அந்தச் சத்தம் தானாகச் செத்துப்போகிற வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, லேசாகத் திருப்பிவைத்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். ஓங்கி மீட்டியபோது பெட்டி உறுமியது. அந்த உறுமலின் நடுவிலேயே, சுண்டுவிரலால் கிடாரின் திருகைக் கொஞ்சம் குறைத்தாள், அது அப்படியே குழந்தைப் பேச்சு மாதிரி தெளிந்தது. நீ கிடார் வாங்கிய நாளிலிருந்து முழுசாகத் திறந்தே வைத்திருக்கிற திருகு அது. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அவள் துப்பட்டா நுனி ஆடிக்கொண்டிருந்தது. அவளும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். திருடிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் மாதிரி முகம். அப்புறம் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்: "எடது பக்கம் ஒட்டு போட்ட ஸ்பீக்கரா அத்தே? அதான் இவ்ளோ நல்லா கீது." நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், நைனா. எனக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வந்து வருஷக்கணக்காகிறது.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அவள் அண்ணன் கானா குழு வைத்திருக்கிறான், ஹவுசிங் போர்டு பசங்களோடு. புத்த விகார் விழா மேடையில் ஸ்கூல் யூனிபார்மோடு ஏறி வாசித்திருக்கிறாள். உங்கள் கம்பெனியின் சென்னைக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இதில் ஒன்றாவது உனக்குத் தெரியுமா? துப்பட்டாவால் கம்பிகளைத் துடைத்து, கிடாரை இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு, பெட்டியையும் பழையபடி சுவரோடு தள்ளிவைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தான் வந்துபோன தடமே இல்லாமல் செய்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தே" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"அவரு என்னக் கேட்டதே இல்ல. மொத நாள்லேந்து அவரு வாசிப்பாரு, நா கேட்டுகினு இருப்பேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப போய் சொன்னா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

"அப்போ நீ?"

"ஒரு வூட்டுக்கு ஒரு கிட்டாரு போதும் அத்தே. என்னோடத அண்ணன்கிட்டயே குடுத்துட்டு வந்துடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். இதோ சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டுவாள், கொஞ்ச நாள் பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும். நீயும் பேசாமல் இருந்துகொள். நல்லதனமாக மூடிவைத்து, உன் முகம் வாடாமல் காப்பாற்றி, அவள் உனக்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது வருஷம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுகிற பிள்ளை நீ. அவளையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாய், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணோடு பழகி, தினமும் போனில் அவளுக்குக் கிடார் வாசித்துக் காட்டி, நீ எதாவது வாசிப்பியா என்று ஒரு தடவைகூடக் கேட்காத ஆள் கையில் என் பெட்டியைக் கொடுக்கமாட்டேன். என் பெட்டி கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இடம் கொடுக்கும். உன்னிடம் அது சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். உன் நண்பர்கள் சூப்பர் மச்சி என்பார்கள். அவர்களுக்கும் உன் காதுதான்.

நேற்று அவள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அனுப்பினேன். அவள் அண்ணன் இறக்கி வைத்திருக்கிறான். சாயந்திரம் போன் செய்து, "அத்தே, பொட்டி ஏன் இங்க கீது" என்று கேட்டாள். உனக்குத்தான், வரவேற்பன்று மேடைக்குக் கொண்டுவந்துவிடு என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வரவேற்பன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ஒழுங்காகக் கேள். நீ திட்டம் போட்டபடியே திடீரென்று எழுந்திரு. ஆனால் கிடார் பக்கம் போகாதே. மித்ரா பக்கம் திரும்பி, மைக் இல்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ வாசிக்கிறியா" என்று கேள். மாப்பிள்ளை பெண்டாட்டிக்கு அனுமதி கொடுக்கிற தோரணையில் கேட்டாயோ, நான் மேடைக்கே வந்துவிடுவேன். தெரியாததைக் கேட்கிற மாதிரி கேள். அவள் என்னை முறைப்பாள், பிறகு எழுந்துபோவாள் என்று நினைக்கிறேன். மாட்டேன் என்றால் மாட்டேன்தான், வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள். எழுந்தால், மண்டபத்துக்காரரிடம் சொல்லி முகப்பில் இருக்கிற சீரியல் செட்டு எல்லாவற்றையும் போடச் சொல். ஒன்று விடாமல் எரியட்டும்.

பெட்டியின் பின்பக்கம் உன் அப்பாவின் சிவப்புத் துண்டை மடித்து வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்துக்கொள். கோட்டு சூட்டோடு, மாலையோடு, மேடையை விட்டு இறங்கு. நாற்காலி வரிசை, சாப்பாட்டுக் கூடம், செருப்பு விடுகிற இடம் எல்லாவற்றையும் தாண்டி கேட்டுக்கு வெளியே தெருக்கோடிக்குப் போய் நில். அவள் வாசிப்பாள். நடுவில் ஆள் இருக்கிறதா, இல்லையா என்று கேள். இருந்தால் துண்டைத் தூக்கு. இருக்கிறதா இல்லையா என்று உனக்குத் தெரியவில்லை என்றால் தூக்காதே. தெரிகிற வரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிரு, எவ்வளவு நேரமானாலும் சரி. பொய்யாகத் தூக்கினால் வாசலில் நிற்கிற எனக்குத் தெரிந்துவிடும், அவளுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். போட்டோ எடுக்கிறவர் மாப்பிள்ளை எங்கே என்று தேடுவார். தேடட்டும். உன் மாமன்கள் வெற்றிலை துப்ப வெளியே வந்து, இன்னாடா நைனா, மாலையும் கழுத்துமா ரோட்டுல நின்னுகினு கீற என்று கேட்பார்கள். "என் பொண்டாட்டி வாசிக்கிறா, கேட்டுகினு கீறேன்" என்று சொல்.

இப்படிக்கு,
அந்தப் பெட்டியில் வாசித்தவள்